உடையாத நாற்காலி

லுட்மிலா ஹவ்ரானெக்கை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். சிரிப்புப் படம் பார்க்கிற பழக்கம் இருந்தால் பத்துத் தடவையாவது அவளைப் பார்த்திருப்பீர்கள். பூங்கா நீரூற்றில் தலைகுப்புற விழுந்து இரண்டு கால்களையும் ஆட்டினாளே, அந்தக் குண்டுப் பெண் அவள்தான். மாடிப்படியில் உருண்டு வந்து கல்யாண கேக்குக்குள் முகம் புதைத்த சமையல்காரியும் அவள்தான். கதாநாயகனின் சைக்கிள் மோதி வைக்கோல் வண்டியில் போய் விழுந்த பாதிரியார் மனைவியும் அவளே. முகத்தைத்தான் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தப் படங்களில் யாருமே பார்த்ததில்லை.

நான் கோரா. எங்கள் ஸ்டுடியோவில் தையல் பிரிவு. அவள் விழுவதற்கு உடுப்பு தைத்துக் கொடுத்தவள் நான். இடுப்பிலும் முழங்காலிலும் வெளியே தெரியாமல் பஞ்சு வைப்பேன். தொப்பியை மட்டும் ஒரு தினுசாகத் தைப்பேன். பின்பக்கம் கொஞ்சம் கனம் கூட்டி, முன்பக்கம் விளிம்பை அகலமாக வைத்துவிட்டால், அவள் விழுந்த மாத்திரத்தில் தொப்பி சரிந்து மூக்கு வரை மூடிக்கொள்ளும். இது டைரக்டர்களின் கட்டளை. விழுகிறவளின் முகம் தெரிந்தால் பார்க்கிறவர்களுக்கு ஐயோ பாவம் என்று தோன்றிவிடுமாம், சிரிப்பு வராதாம். அந்த முகத்தை மறைக்கத்தான் எனக்குச் சம்பளம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மிலா என்றுதான் நாங்கள் அவளைக் கூப்பிடுவோம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் சோளக்காட்டுக்கு நடுவில் பிறந்தவள். அப்பா அம்மா செக் நாட்டிலிருந்து வந்தவர்கள். தச்சு வேலை செய்கிற ஜோவைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியா வந்தாள். ஜோ ஸ்டுடியோவில் பொய் வீடுகள் கட்டினான். ஒரு நாள் அவனுக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தவள் ஈரத் தரையில் வழுக்கி, தூக்குவாளியோடு சறுக்கிக்கொண்டே போய், ஒரு பெரிய நடிகரின் காலடியில் நின்றாள். வாளியில் இருந்த ஒரு கொழுக்கட்டை கூடச் சிதறவில்லை. அங்கே நின்ற டைரக்டர் ஓடி வந்தார்.

"அம்மா, இதே மாதிரி மறுபடி விழ முடியுமா?"

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் மிலா.

அப்படி ஆரம்பித்ததுதான். மகன் ரூடிக்கு நாலு வயதாக இருக்கும்போது ஜோ நிமோனியாவில் போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் விழுந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். விழுந்து விழுந்தே பிள்ளையை வளர்த்தாள். நான் ஒரு முறை கேட்டேன், வலிக்காதாடி என்று. "எலும்பு மேல விழுந்தா வலிக்கும், சதை மேல விழணும். கடவுள் எனக்குச் சதையைக் கஞ்சத்தனமாவா குடுத்திருக்கார்?" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினாள். அவளோடு இருந்தால் அழக்கூட நேரம் கிடைக்காது.

இரண்டாவது உலகச் சண்டை வந்தது. ரூடி கடற்படையில் சேர்ந்து ஒரு சரக்குக் கப்பலில் போனான். நாற்பத்து மூன்றாம் வருஷம் வசந்த காலத்தில் கப்பல் சான் பெட்ரோ துறைமுகத்துக்கு வந்தபோது லீவில் வீட்டுக்கு வந்தான். மிலா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கூப்பன் சேர்த்து வாங்கிய சர்க்கரையையெல்லாம் போட்டு, நடுவில் பிளம் பழப் பாகு வைத்த அவர்கள் ஊர் பன் சுட்டிருந்தாள். பையன் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், கடிக்கவில்லை.

"என்னடா, பன்னுக்கு ஜாதகம் பாக்கறியா?" என்றேன்.

"அத்தை, நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன்" என்றான் அவன். "கப்பல் மேல்தளத்துல துணி கட்டிப் படம் போட்டாங்க. அம்மா நீரூத்துல விழற படம். நான் பெருமை தாங்காம எழுந்து நின்னு, 'அது எங்கம்மாடா'ன்னு கத்திட்டேன்."

மிலாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "அப்புறம்?"

"அப்புறம் என்ன? திரையில ரெண்டு காலுதானே தெரியுது. பீரங்கிக்காரன் ஆர்வில்னு ஒருத்தன் இருக்கான். 'தண்ணிக்குள்ளேருந்து வெளிய வர்ற முழங்காலைப் பாத்து அம்மான்னு கூப்பிட்ட மொத ஆளு நீதாண்டா'ங்கறான். அன்னைலேருந்து எம் பேரு ரூடி இல்லை. நீரூத்து. சமையக்காரன்கூட 'நீரூத்துக்கு சூப் ஊத்து'ங்கறான்."

"என் போட்டோவைக் காட்டியிருக்கலாமேடா."

"காட்டினேனே. 'இது ஒரு குண்டம்மா போட்டோ. படத்துல வர்றது இவங்கதான்னு என்ன அத்தாட்சி?'ன்னு கேக்கறான். நான் அப்பா இல்லாத பையன், அதான் கதை கட்டறேன்னு நெனக்கறாங்கம்மா." அவன் பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டான். "ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டும்மா. ஒரு நொடி போதும். பொய்யன்னு பேரு வாங்கிக்கிட்டா அவனுங்களோட சாகணும்?"

சாவு என்ற வார்த்தையை அந்த வருஷத்தில் யாரும் வீட்டுக்குள் சொல்வதில்லை. மிலா எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது. திரும்பி வந்து, "சரி. காட்டறேன், சாப்பிடு" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர எப்படிக் காட்டுவது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்போது எங்கள் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டிருந்த படத்துக்குப் பெயர் 'சர்க்கரை இல்லாத கல்யாணம்'. சர்க்கரைக்குக் கூப்பன் போட்ட காலமாச்சே, அதை வைத்தே கதை. கல்யாணத்துக்குக் கேக் செய்ய வேண்டும், சர்க்கரை இல்லை. பெண்ணின் பணக்கார அத்தை ஒருத்தி மட்டும் ஒரு கிண்ணம் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாள். அவளை விருந்துக்குக் கூப்பிட்டு மாப்பிள்ளை தாஜா பண்ண வேண்டும். சர்க்கரையும் கையுமாக வருகிறாள் அத்தை. மாப்பிள்ளை மரியாதையாக நாற்காலியை இழுத்துப் போடுகிறான். அத்தை உட்காருகிறாள், நாற்காலி சுக்குநூறாகிறது, அத்தை விழுகிறாள், கோபித்துக்கொண்டு சர்க்கரையோடு போய்விடுகிறாள். அந்த அத்தைதான் மிலா. வசனம் கிடையாது.

மாப்பிள்ளையாக நடித்தவர் ரெஜினால்ட் டில்வொர்த். ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லி. படத்துக்குப் படம் நாலு பேரை விழ வைத்துவிட்டுப் புருவத்தைத் தூக்குவார், அதற்குத்தான் அவருக்குக் கூட்டம். அவர் ஒருபோதும் விழ மாட்டார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார். அப்படிப்பட்ட மகாராஜா.

மிலா டைரக்டர் ஹெர்ஷல் கோப்பிடம் போய் நின்றாள். கோப் நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி.

"சார், இந்தத் தடவை தொப்பி சரியாம விழறேன். முகம் தெரிஞ்சுட்டுப் போகட்டுமே."

"மிலா, உன் முகத்தைப் பார்த்தா எனக்கு எங்கம்மா ஞாபகம் வருது."

"நல்லதுதானே சார்?"

"எங்கம்மா விழுந்தா நான் சிரிப்பேனா? தொப்பி இருக்கட்டும்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

அவள் என் அறைக்கு வந்து பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்தாள். தொப்பியில் கனத்தைக் குறைத்துவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். "நீயும் வேலையை இழந்துட்டு என்னோட வந்து விழப்போறியா? உன் எலும்புக்கு அது தாங்காது" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இப்போது நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் உடைகிற நாற்காலி நிஜ நாற்காலி அல்ல. பால்சா என்று ஒரு மரம் உண்டு, பஞ்சு போல லேசாக இருக்கும். அதில் செய்து, கால்களைப் பாதி அறுத்து, பசை போட்டு ஒட்டி வைப்பார்கள். பக்கத்தில் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு நிஜ நாற்காலியும் இருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தூக்கினால்தான் தெரியும். சண்டைக்கு முன்னால் ஒரு காட்சிக்கு அரை டஜன் பால்சா நாற்காலி செய்வோம். இப்போது பால்சா முழுக்க ஆகாய விமானத்துக்கும், கப்பல்களில் வைக்கிற உயிர்காப்பு மிதவைக்கும் போய்விட்டது. ரூடியின் கப்பலிலும் அந்த மரம் இருந்திருக்கும், அதற்காக நான் குறை சொல்லவில்லை. எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாற்காலிக்கான மரம். ஒரே தடவைதான் எடுக்க முடியும்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. செட்டில் சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்த டோனி ராணுவத்துக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு வெர்னா ஸ்டிட் என்று ஒரு அம்மாள் வந்து சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆர்கன்சாவில் ஒரு ஓட்டலில் அறை கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவள். மேசை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. எது எங்கே இருக்க வேண்டும் என்று படம் வரைந்து விளக்கினார்கள். எது எதற்காக என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குக் காலையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விளக்குகள் எரிந்தன, கேமரா ஓடியது. மிலா என் தொப்பியும் பஞ்சுமாக, சர்க்கரைக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கம்பீரமாக வந்தாள். கிண்ணத்தை மேசை மேல் வைத்தாள். டில்வொர்த் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் முதுகு தானாகவே கொஞ்சம் பின்னால் வளைந்தது, மரத்துண்டு தெறித்து மேலே பட்டுவிடுமோ என்று. செட்டில் இருந்த அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டோம். மிலா விழுவதற்கே தயாராக, மொத்த பாரத்தையும் போட்டுத் தொப்பென்று உட்கார்ந்தாள்.

நாற்காலி அசையவில்லை.

மிலாவின் முகத்தை நான் என்னவென்று சொல்வேன்! இருபது வருஷமாக உட்கார்ந்த இடமெல்லாம் உடைந்தே பழக்கப்பட்டவள். தரையை எதிர்பார்த்துப் போனவளை ஒரு நாற்காலி தாங்கிப் பிடித்துக்கொண்டது. அவள் கண்கள் அகலமாயின. மெதுவாக இடது பக்கம் சாய்ந்து பார்த்தாள், வலது பக்கம் சாய்ந்து பார்த்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய், நல்ல பசுமாட்டைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி நாற்காலியைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தாள். தொப்பி நகரவே இல்லை. விழுந்தால்தானே சரியும்.

டில்வொர்த்துக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. டைரக்டர் 'கட்' சொல்லும் வரை யாரும் நிறுத்தக் கூடாது என்பது எங்கள் தொழிலின் சட்டம். அதனால் அவர் தம் புருவத்தைத் தூக்கிவிட்டு, ஒய்யாரமாகத் தம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பட்டாசு வெடித்த மாதிரி இருந்தது. நாற்காலி நாலா பக்கமும் பறந்தது. மகாராஜா மேசைக்கு அடியில் போய்விட்டார், அவருடைய இரண்டு கால்கள் மட்டும் மேலே தெரிந்தன.

மிலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அந்தக் கால்களை நன்றாகப் பார்த்தாள். தன் நாற்காலியைப் பார்த்தாள். ஒரு யோசனை செய்தாள். சர்க்கரைக் கிண்ணத்தைக் கிட்டே இழுத்து மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள். ஒரு நாற்காலியைக் காப்பாற்றத் தெரியாதவனிடம் சர்க்கரையை எப்படிக் கொடுப்பது என்று அவள் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. கிண்ணத்தோடு எழுந்து, நாற்காலிக்கு ஒரு கும்பிடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள்.

கோப் 'கட்' சொல்லவே இல்லை. சிரிப்புச் சத்தம் ஒலிப்பதிவில் விழுந்துவிடும் என்று கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் என் பாவாடையைக் கடித்துக்கொண்டிருந்தேன். விளக்குக்காரன் ஏணியிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான்.

அப்புறம் ஆரம்பித்தது ரகளை. நாற்காலிகளை யார் மாற்றியது என்று டில்வொர்த் கத்தினார். வெர்னா ஸ்டிட் முன்னால் வந்தாள்.

"நான்தாங்க மாத்தினேன்" என்றாள். "துடைக்கறப்போ தூக்கிப் பாத்தேன். ஒண்ணு வெறுங்கூடை மாதிரி இருந்துது, காலெல்லாம் லொடலொடன்னு ஆடுது. அதைப்போயி இந்தம்மாவுக்குப் போட்டிருக்காங்க. உக்காந்தா விழுந்துற மாட்டாங்களா? நல்லதைத் தூக்கி இவங்களுக்குப் போட்டேன். நீங்க ஒல்லி, உங்களைத் தாங்கும்னு நெனச்சேன்."

மிலா அவளிடம் போய், "நான் விழுந்துடுவேன்னா மாத்தினீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. தப்பாங்க?"

மிலா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் விழுந்துவிடுவாளே என்று கவலைப்பட்ட முதல் ஆள் அந்த வெர்னாதான். அவளுக்குப் பஞ்சு வைத்த எனக்குக்கூட அப்படிக் கவலைப்படத் தோன்றியதில்லை.

திரும்ப எடு என்று டில்வொர்த் குதித்தார். பால்சா இல்லை என்றார் கோப். அப்படியானால் காட்சியையே வெட்டு, நான் விழமாட்டேன் என்று கையெழுத்து இருக்கிறது என்று கத்திவிட்டு ஸ்டுடியோ முதலாளியின் அறைக்குப் போய்விட்டார். முதலாளி படத்தைப் போட்டுப் பார்த்தார், சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரிக்க மாட்டார், வயிற்றுப் புண். "ஜனங்க முன்னால போடுவோம். அடக்க முடியாமச் சிரிச்சாங்கன்னா இருக்கட்டும். சுமாராச் சிரிச்சா வெட்டிடுங்க. நட்சத்திரத்தைப் பகைச்சுக்கிட்டு சுமாரான சிரிப்பு எனக்கெதுக்கு?" என்றார்.

புதுப் படத்தை வெளியிடுவதற்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது ஒரு ஊர்க் கொட்டகையில் வேறு படத்தோடு சேர்த்துப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். லாங் பீச்சில் ஒரு கொட்டகையைப் பிடித்தார்கள். அங்கே கப்பல் கட்டும் பட்டறையில் இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்காகக் காலையிலேயே படம் ஓடும். நானும் மிலாவும் பஸ்ஸில் போனோம். வாசல் வரை வந்தவள் உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"நீ போய்ப் பாரு கோரா. வெட்டறதா இருந்தா உன் மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சுக்கறேன்."

"உன் மூஞ்சிடி அது. நீ பாக்க வேண்டாமா?"

"என் மூஞ்சியை நான் கண்ணாடியில பாத்துக்கறேன். ரூடி பாத்தா போதும்" என்று சோளப்பொரி விற்கிற இடத்தில் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

உள்ளே நிறையப் பெண்கள். கப்பல் இரும்பைப் பற்றவைக்கிற வேலை, ஆணி அடிக்கிற வேலை செய்கிறவர்கள், கனத்த பூட்ஸும் தலையில் கட்டிய துணியுமாக, பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். கடைசி வரிசையில் டில்வொர்த் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். படம் ஆரம்பித்தது. டில்வொர்த் புருவம் தூக்கினார், அங்கங்கே சிரித்தார்கள். சுமாராகத்தான்.

அத்தை வந்தாள். நாற்காலி வந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நல்ல வாட்டசாட்டமான பெண். "ஆரம்பிச்சுட்டாங்கடி, குண்டா இருக்கறவளை விழ வைக்கப் போறானுங்க" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சலித்துக்கொண்டாள். மிலா உட்கார்ந்தாள். நாற்காலி நின்றது.

கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. திரை முழுக்க மிலாவின் முகம், அந்தப் பெரிய கண்கள். அவள் நாற்காலியைத் தட்டிக் கொடுத்தபோது எங்கோ ஒரு மூலையில் ஒருத்தி சிரித்தாள். டில்வொர்த் உட்கார்ந்து சிதறியதும் கூரை இடிந்து விழுந்த மாதிரி ஆகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தப் பெண் எழுந்து நின்று, "அப்படி உக்காருடி என் ராசாத்தி!" என்று கத்தினாள். பூட்ஸ் காலால் தரையை உதைத்தார்கள். சர்க்கரைக் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டபோது எனக்குப் பக்கத்தில் இருந்தவள் அறிமுகமே இல்லாத என் தோளில் சாய்ந்து அழுது அழுது சிரித்தாள். அதற்கடுத்த காட்சியின் வசனம் முழுக்க யார் காதிலும் விழவில்லை. முதலாளி திரையைப் பார்க்கவில்லை, ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடிட்டரிடம் குனிந்து, "சிரிப்பு அடங்கற வரைக்கும் இடம் விடு. அந்தம்மா மூஞ்சியை இன்னும் கொஞ்சம் நேரம் வை" என்றார். டில்வொர்த் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வெளியே ஓடினேன். மிலா சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கதவு வழியாக எல்லாம் கேட்டிருக்கிறது.

"கோரா, நான் விழலியே?" என்றாள். "விழாமலேயா சிரிக்கறாங்க?"

"விழாததுக்குத்தாண்டி சிரிக்கறாங்க" என்றேன்.

படம் ஓடு ஓடு என்று ஓடியது. ஆனால் எங்களுக்கு வேண்டியது அதுவல்ல. ராணுவத்துக்கும் கப்பல்களுக்கும் படங்களைச் சின்னச் சுருளாக இலவசமாக அனுப்புவார்கள். எந்தச் சுருள் எந்தக் கப்பலுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. நடுக்கடலில் ஒரு கப்பல்காரன் இன்னொரு கப்பல்காரனோடு மாற்றிக்கொள்வானாம். ரூடி எழுதும் கடுதாசிகளில் வெயில், மழை, பீன்ஸ், மறுபடி பீன்ஸ், அவ்வளவுதான் இருக்கும். இவளும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நீயே எழுதேன் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். "சொன்னா நம்ப மாட்டாங்கன்னுதானே ஆரம்பிச்சுது? பாக்கட்டும்" என்பாள். நடுவில் பசிபிக்கில் கப்பல்கள் மூழ்கிய செய்தி வரும். அப்போதெல்லாம் எதுவும் பேசாமல் என் அறைக்கு வந்து பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்திருப்பாள். நான் தைத்துக்கொண்டிருப்பேன்.

சண்டை முடிந்த இலையுதிர் காலத்தில் ரூடியின் கப்பல் திரும்பியது. சான் பெட்ரோ துறையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பேண்டு வாத்தியம், கொடி, குழந்தைகளைத் தூக்கிப் பிடித்த பெண்கள். மிலா அந்த அத்தைத் தொப்பியையே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான்தான் அதை ஸ்டுடியோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருட்டு என்றால் திருட்டுதான், போங்கள்.

கப்பல் ஓரத்தில் வரிசையாகப் பையன்கள் நின்று கையாட்டினார்கள். ரூடியைக் காணவில்லை. மிலா என் கையை நெரித்துவிட்டாள். மற்ற பையன்கள் ஒவ்வொருவராக இறங்கி வரக் காத்திருந்தோம், ஒருவனும் இறங்கவில்லை. திடீரென்று மேலே ஒருவன் எங்களைக் கையால் காட்டி என்னவோ கத்தினான். அந்த வரிசை முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது.

இறங்கு பலகையில் முதல் ஆளாக ஒரு நெட்டையன் வந்தான். தலைக்கு மேலே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதிகாரிகள் சாப்பிடுகிற அறையின் நல்ல மர நாற்காலி. கூட்டம் விலகி வழிவிட்டது. நேராக வந்து மிலாவின் முன்னால் அதை வைத்து, தன் சட்டைக் கையால் துடைத்து, காலை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"உக்காருங்கம்மா" என்றான். "ஊர் திரும்பற வழியிலதான் படம் கிடைச்சுது. ரீலைத் திருப்பித் திருப்பிப் போட்டுத் தேய்ச்சுட்டோம்."

"நீ யாருப்பா?" என்றாள் மிலா.

"ஆர்வில்."

மிலா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அந்தக் கப்பல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பேண்டுகாரர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்க்க, திரும்பி நின்று, மொத்த பாரத்தையும் போட்டுத் தொப்பென்று உட்கார்ந்தாள். நாற்காலி நின்றது. இடது பக்கம் சாய்ந்தாள். வலது பக்கம் சாய்ந்தாள். தட்டிக் கொடுத்தாள். முகத்தைத் தூக்கி மேலே அத்தனை பேரையும் பார்த்தாள்.

அந்தச் சத்தம் போல நான் வாழ்நாளில் கேட்டதில்லை. கப்பலின் சங்கை வேறு எவனோ பிடித்து இழுத்துவிட்டான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பலகையில் ரூடி இறங்கி வந்தான், இளைத்துக் கறுத்துப் போயிருந்தான். இரண்டு கையிலும் ஒரு சர்க்கரைக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, சிந்தாமல் மெதுவாக நடந்து வந்து அம்மாவின் மடியில் வைத்தான். கிண்ணம் நிறைய நிஜச் சர்க்கரை.

மிலா கிண்ணத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. பையனைக் கட்டிக்கொண்டாள். கிண்ணம் உருண்டு சர்க்கரை தரையெல்லாம் கொட்டியது, யாரும் கவலைப்படவில்லை.

ரூடி அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கி, "இப்ப சொல்லுடா. இது யாரு?" என்று கேட்டான்.

ஆர்வில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். "உங்கம்மா" என்றான்.

மிலாவின் தொப்பி எப்போதோ கழன்று கீழே விழுந்திருந்தது. அழுகிற முகம் எல்லோருக்கும் தெரிந்தது. தொப்பி என் காலடியில்தான் கிடந்தது, நான் அதை எடுத்துக் கொடுக்கவில்லை.